சுப்பையா கட்டின சுவர்

சுப்பையாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதுதான் அவருக்கு வியாதி. பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரனுக்குத் தண்ணீர் ஊற்றுவார். பஸ்ஸில் ஏறினால் கழன்று ஆடுகிற ஜன்னல் கம்பியைத் திருகிப் பார்ப்பார். கண்டக்டரிடம் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. "ஏனுங்க மாமா, அந்தக் கையி ரண்டையும் கழட்டி ஊட்ல வெச்சுட்டு வந்தாத்தான் என்ன?" என்று அவர் சம்சாரம் கனகா கேட்காத நாள் கிடையாது. அவர் சிரித்துக்கொள்வார். கை மட்டும் அதன் பாட்டுக்கு எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும்.

ஆள் நல்ல கொத்தனார். அதில் சந்தேகமே வேண்டாம். ஹனூருக்கு அந்தப் பக்கம் ராமாபுரத்தில் பிறந்து, காட்டுப் பக்கம் போலீஸ் கெடுபிடி அதிகமான வருசத்தில் கனகாவையும் கொத்துக் கரண்டியையும் கூட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தவர். குவெம்புநகரிலும் சரஸ்வதிபுரத்திலும் அவர் எழுப்பின சுவர்கள் எத்தனையோ நிற்கின்றன. வீட்டுக்காரரிடம் கன்னடம், சித்தாளிடம் தமிழ், செங்கல்லிடம் இரண்டும். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாரென்றால், அந்தச் சுவர் மயிரிழை சாயாது.

அப்பேர்ப்பட்டவர் அந்தக் கோடையில் சுவர் கட்டவில்லை. மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நரசீபுரம் ரோட்டில் வாய்க்கால் தாண்டி உள்ளே போனால் ஒரு மேடு. ஊர்க்காரர்கள் 'இட்டிகெ திப்ப' என்பார்கள், செங்கல் மேடு. மாட்டுக்கொட்டகைக்குக் கல் வேண்டுமென்றால் கடப்பாரையோடு அங்கேதான் போவார்கள். அந்த மேட்டுக்குள் பழங்காலத்துப் பௌத்தத் துறவிகளின் மடம் ஒன்று புதைந்து கிடக்கிறது என்று ஒரே ஒரு ஆள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் சொர்ணலதா. தொல்லியல் படித்துவிட்டு வேலைக்கு வந்த பெண். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காக மைசூர் வந்த தமிழ்க் குடும்பம். அவள் பேசுகிற தமிழில் பாதி கன்னடமாக இருக்கும், மீதி இங்கிலீஷாக இருக்கும்.

"நடுவில முற்றம், சுத்தி சின்னச் சின்ன ரூம், ஒரு ரூமுக்கு ஒரு சன்னியாசி. அஷ்டே, அவ்ளோதான்!" என்பாள் கையை விரித்து. கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு, பின்னால் போய், "பழைய செங்கல் சூளைம்மா அது" என்பார்கள். செங்கல் கிடக்கிற இடத்தைச் சூளை என்று சொல்ல யாருக்குத்தான் படிப்பு வேண்டும்?

இதில் ஒரு சிக்கல் வேறு. மேட்டுக்குச் சொந்தக்காரர் அதை வீட்டு மனை போடுகிறவர்களுக்குப் பேசி முடித்துவிட்டார். துறையிலிருந்து பெரிய அதிகாரி நேரில் வந்து பார்த்து, மடம் என்று எழுதினால் மேடு பிழைக்கும். சூளை என்று எழுதினால் மறு வாரமே புல்டோசர் வந்துவிடும். மைசூர் அப்போது நாலா பக்கமும் மனைமனையாக வளர்ந்துகொண்டிருந்த காலம். சுப்பையாவுக்கு இதில் நட்டமில்லை. மனை போட்டால் வீடு கட்டுவார்கள், வீடு கட்டினால் கொத்தனார் வேண்டும். ஆனாலும் அந்த மேடு தப்பிக்க வேண்டும் என்று அவர் மனசாரக் கும்பிட்டார். காரணம் சொர்ணலதாதான்.

செங்கல் தொட்டுப் பழகின கை வேண்டும் என்று அவள்தான் அவரைத் தேடி வந்து கூப்பிட்டாள். கூடவே வேலைக்கு ராமாபுரத்துச் சித்தையனையும் சேர்த்துக்கொண்டாள். வேலை முடிகிற வரைக்கும் மூன்று பேரும் மேட்டடியிலேயே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். குழிக்குள் இறங்கி அவர்களோடு சமமாக உட்கார்ந்து சுரண்டுவாள். கனகா போடுகிற ராகிக் களியை அவரைக்காய்க் குழம்பில் தோய்த்து, "சூப்பர் அக்கா" என்று வழித்துச் சாப்பிடுவாள். அவருக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. அந்தக் குறை தீர்ந்ததாக அவர் நினைத்துக்கொண்டார். வாய் நிறைய 'அம்முணி' என்றுதான் கூப்பிடுவார்.

வேலையின் முதல் நாளே அவள் ஒரு சட்டம் சொன்னாள். "எது கெடச்சாலும் எடுக்காதீங்க அண்ணா. எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும். நான் போட்டோ எடுத்து, வரைஞ்சு முடிக்கற வரைக்கும் ஒரு சின்னக் கல்லைக் கூட எடுக்கக் கூடாது." சுப்பையா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சித்தையன் ஒரு பானை ஓட்டைப் புரட்டிப் பார்த்ததற்கே, "எடுக்காதீன்னு சொன்னாங்கல்ல?" என்று மண்டையில் தட்டினார். எதையும் எடுக்கக் கூடாது, சரி. எதையும் வைக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. அதை யார் சொல்லுவார்கள்? தோண்ட வந்தவன் கட்டுவான் என்று எந்தப் புண்ணியவதி நினைப்பாள்?

அதிகாரி வருகிற வாரத்துக்கு முன்னால், சனிக்கிழமை மத்தியானம், மேற்குக் குழியில் சுவர் தட்டுப்பட்டது. அதுவரை கிடைத்ததெல்லாம் சிதறின கல்தான். இது நெஞ்சு உயரத்துக்கு மண்ணோடு ஒட்டிக்கொண்டு, பின்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நின்றது. ஒவ்வொரு கல்லும் முழங்கை நீளம். சொர்ணலதா சத்தம் போட்டுக் கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் நின்றது. 

போட்டோ எடுக்கலாமென்றால் கேமராவில் பிலிம் தீர்ந்துவிட்டது. அதிகாரி ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறார், அவரைப் போய் அழைக்க வேண்டும். "திங்கக்கிழமை பிலிமோட வரேன், வந்து ஃபுல்லா தெறந்து வரைஞ்சிடலாம். தார்ப்பாய் போட்டு மூடுங்க, யாரும் கிட்டப் போக பேடா, வேண்டாம்" என்று சொல்லிவிட்டு சாயங்கால பஸ்ஸில் மைசூருக்குப் போனாள். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவள் பஸ் ஊரைத் தொட்டிருக்காது, மழை பிடித்துக்கொண்டது. கோடை மழைக்கே உரிய கோபத்தோடு, காற்றும் இடியுமாக அடித்தது. தார்ப்பாய் பறந்து வாய்க்காலில் போய் விழுந்தது. விடிந்ததும் சுப்பையா குழியருகே ஓடிப் போய்ப் பார்த்தார். பின்னாலிருந்த மண் ஊறிப் பிதுங்கி, சுவரை அப்படியே முன்னால் தள்ளிவிட்டிருந்தது. கற்கள் சேற்றில் குப்புறக் கிடந்தன. அடியில் இடது பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் நின்றது. வலது பக்கமும் அதே மாதிரி ஒரு துண்டு புதிதாகத் தெரிந்தது. நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு வெறும் சேறு.

"அட முருகா!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணின் முகம்தான் கண் முன்னால் வந்தது. நாளைக்கு அந்தப் பெரிய மனுசனைக் கூட்டிக்கொண்டு ஆசை ஆசையாக வருவாளே, வந்து இதையா பார்ப்பாள்?

மற்றவர்களாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். சுப்பையாவுக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. கொஞ்ச நேரத்தில் எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார். "டே சித்தையா, மண்ணு கொழைடா" என்றார்.

கனகா தடுத்துத்தான் பார்த்தாள். "அம்முணிய ஒரு வார்த்த கேக்காமயா? அது என்னமோ ஏதோ, நமக்குத் தெரியாத வேலை."

"செவுரு கட்டறது எனக்குத் தெரியாத வேலையா? விருந்தாளி வர்றப்ப ஆராச்சும் இடிஞ்ச செவுரக் காட்டுவாங்களா? நீ போயி மஞ்சத் தூளு எடுத்தா."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போய் மஞ்சள் டப்பாவை எடுத்து வந்தாள். முதல் கல்லுக்கு மஞ்சள் வைக்காமல் அவர் எந்தச் சுவரும் ஆரம்பித்ததில்லை. கோழிக்கூண்டு கட்டினாலும் அதற்கும் மஞ்சள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் வேலை நடந்தது. விழுந்த கற்களைப் பொறுக்கிக் கழுவினார்கள். கயிறு கட்டினார்கள். நடுவில் சேற்றை வழித்துக்கொண்டே போனபோது, அடியில் கெட்டியாகப் பாறைக்கல் மாதிரி ஏதோ கரண்டியில் தட்டியது. "கும்முனு இருக்குதுடா அஸ்திவாரம்!" என்று சுப்பையா குஷியாகிவிட்டார். மஞ்சள் பூசி குங்குமப் பொட்டு வைத்த முதல் கல்லை அந்தக் கெட்டித் தரையின்மேல் வைத்து, கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டார். அங்கிருந்து மேலே வரிசை வரிசையாக ஏற்றினார். இரண்டு பக்கமும் நின்ற பழைய துண்டுகளில் ஆடின கற்களைப் பிடுங்கி, திரும்பச் சரியாக உட்கார வைத்தார். பழைய சுவரில் இருந்த சாய்வு அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. தூக்குக் குண்டு விட்டு அதையும் நிமிர்த்தினார்.

மேலே வந்தபோது கை நின்றது. "அது செரி, சாமியாரு இருந்த ரூமுன்னு தானே அம்முணி சொல்லுச்சு? ராத்திரி வெளக்க எங்க வெச்சிருப்பாரு?" என்று சித்தையனைக் கேட்டார். சித்தையனுக்கு என்ன தெரியும்? "மாடம் இல்லாத ஊடும் ஒரு ஊடா?" என்று தானே பதில் சொல்லிக்கொண்டு, நெஞ்சு உயரத்தில் அழகாக ஒரு விளக்கு மாடம் விட்டார். வளைவு கூட எடுத்தார்.

கடைசியாகச் சேற்றைக் கரைத்துப் பூசி, மேலிருந்து அடிவரைக்கும் எல்லா இடுக்கையும் ஒரே நிறமாக்கினார். மேட்டு மண், மேட்டுக் கல், மேட்டு மழைத் தண்ணீர். பிறகு எட்ட நின்று பார்த்தார். "பாருடி கனகா. பழசு எது, புதுசு எதுன்னு அந்த பிரம்மாவே வந்தாலும் சொல்ல மாட்டான்!" என்றார். அவர் ஆயுசில் பேசின பேச்சிலேயே அதிகமாக வருத்தப்பட்ட பேச்சு அதுதான். ஆனால் வருத்தம் மறுநாள்தான் வந்தது. அன்று சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாய்க்காலில் குளித்தார்.

திங்கட்கிழமை ஜீப் வந்தது. அதிகாரியை எல்லோரும் 'சாஹேபர்' என்றுதான் சொன்னார்கள். தார்வாடு பக்கத்து ஆள், நரைத்த மீசை, தலையில் தொப்பி, முழங்கால் வலியால் மெதுவாகத்தான் இறங்கினார். வரும்போதே, "சூளை, சூளை என்கிறார்களே, பார்ப்போம்" என்று கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். குழியின் விளிம்பில் நின்று பார்த்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அரே! இப்படி முழுசாக ஒரு அறைச் சுவரா?"

இறங்கி வந்து சுவரைத் தடவினார். மாடத்துக்குள் கையை விட்டார். இந்த மாடத்தில் விளக்கேற்றி வைத்துவிட்டு ஒரு துறவி இந்தச் சுவரோரமாக உட்கார்ந்து படித்திருப்பான், அவனும் அந்த விளக்கும் மட்டும்தான் இருந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த சுப்பையாவுக்கு உடம்பு புல்லரித்தது. தான் கட்டின மாடத்தை இப்படி ஒருவர் பாராட்டி அவர் கேட்டதில்லை. வீட்டுக்காரர்கள் ஒழுகுகிறது என்று சொல்லத்தான் கூப்பிடுவார்கள்.

பிறகு சொர்ணலதாவைப் பார்த்தார். புல்லரிப்பு அப்படியே அடங்கிப் போயிற்று. அவள் சுவரைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

சாஹேபர் பழுத்த ஆள். எந்தக் குழிக்குப் போனாலும் கேட்கிற கேள்வியை இங்கேயும் கேட்டார். "நன்றாக நேராக நிற்கிறதே. யாராவது கை வைத்தீர்களா?"

"இல்லா சாமி, ஹிங்கே இத்து!" என்று சித்தையன் முந்திக்கொண்டான். இப்படியேதான் இருந்தது என்று அர்த்தம். பாவி, மேஸ்திரியைக் காப்பாற்றுகிறானாம்.

சொர்ணலதா ஏதோ சொல்ல ஓரடி முன்னால் வந்தாள். சாஹேபர் அதைக் கவனிக்கவில்லை. "இனி எவன் சூளை என்று சொல்வான்? இன்றைக்கே எழுதிவிடுகிறேன். மனை கினை எல்லாம் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளட்டும். நீ வரைய ஆரம்பி அம்மா" என்று அவள் தோளில் தட்டிவிட்டு, புங்கை மரத்தடிக்குச் சாப்பிடப் போனார். அவர் சாப்பாட்டுப் பெட்டியில் உப்பிட்டு, அதாவது உப்புமா, இருந்தது.

மேடு பிழைத்துவிட்டது! சுப்பையாவுக்கு ஒரு நிமிடம் ஆனந்தமாகத்தான் இருந்தது. எது எப்படியோ, அம்முணி நினைத்தது நடந்துவிட்டதல்லவா?

அவள் வரைகிற பலகையை மடியில் வைத்துக்கொண்டு சுவர் முன்னால் உட்கார்ந்தாள். "சுப்பையாண்ணா, டேப்பைப் பிடிங்க."

பிடித்தார். வழக்கமாக அவள் பென்சில் மளமளவென்று ஓடும். இன்றைக்குத் தாளின்மேல் நின்றது நின்றபடியே இருந்தது.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

"அடியில இருந்துதானுங்களே அம்முணி."

"அடி எது?"

அவர் டேப்பின் நுனியைச் சேற்றில் அழுத்திக்கொண்டு நின்றார்.

"சனிக்கிழமை நான் போறப்ப இது பின்னாடி சாஞ்சிருந்துச்சு. மாடமும் இருக்கலை."

"மழைங்க... சனிக்கெழம பேஞ்ச மழையில உழுந்து போச்சுங்க அம்முணி. நீங்க அழுவீங்களேன்னு..."

அவள் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு. "எது உங்களோடது, எது அவங்களோடது? அது மட்டும் சொல்லுங்க அண்ணா, சாகு, அது போதும்."

சுப்பையா சுவரைப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரைக்கும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தார். ஒரே நிறம், ஒரே மட்டம். பிரம்மா வந்தாலும் சொல்ல மாட்டான் என்று நேற்று பீற்றிக்கொண்டது காதில் கேட்டது. அவருக்கே தெரியவில்லை. கொத்தனாருக்குத் தன் சுவர் எதுவென்று தெரியவில்லை என்றால் அதைவிட அவமானம் வேறு உண்டா?

"தெரிலீங்களே..." என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சொல்லாட்டி என்னங் அம்முணி? சாஹேபரே எழுதறேன்னுட்டாரு. மேடு தப்பிச்சுக்கும்."

"தப்பிச்சுக்கும். ஆனா இதை வரைஞ்சேன்னா, இனிமே நான் வரையற எதையும் நானே நம்ப மாட்டேன் அண்ணா." பலகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பாவாடையில் ஒட்டின மண்ணைக் கூடத் தட்டவில்லை. "என் குழி. அப்படியே விட்டுட்டுப் போனது என் தப்பு. நானே சொல்லிடறேன்."

அவள் போய்ச் சொல்வதைச் சுப்பையா மனசுக்குள் பார்த்தார். அவ்வளவு பெரிய மனுசன் முன்னால் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்த்தார். 

"நீங்க நில்லுங்க. கட்டுனவன் நானு" என்றார். டேப்பைக் கீழே போட்டுவிட்டு அவளை முந்திக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

சாஹேபர் உப்பிட்டை வாயில் வைக்கப் போனவர் அப்படியே நிறுத்தினார். சுப்பையா எல்லாவற்றையும் சொன்னார். மழை, சேறு, கயிறு, தூக்குக் குண்டு, மாடம், ஒன்றையும் விடவில்லை. சித்தையன் பொய் சொன்னது தனக்காகத்தான் என்றும் சொன்னார். அம்முணிக்கு ஒன்றுமே தெரியாது, வெட்டிப் போட்டால் என்னை வெட்டிப் போடுங்கள் என்றும் சொன்னார்.

 சாஹேபர் சுவரைத் தடவின தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு வெடித்தார். "அந்த மாடத்தைப் பற்றி நான் புத்தகத்தில் எழுதியிருப்பேனே, மடையா! ஊர் ஊராகப் போய்ப் பேசியிருப்பேனே!" தொப்பியை எடுத்து முழங்காலில் அடித்தார். மூச்சு வாங்கியது. அப்புறம் குரல் இறங்கியது. சொர்ணலதாவிடம் திரும்பி, "உனக்கே தெரியும். இந்தச் சுவர் இனி எதற்கும் சாட்சி இல்லை. எது அசல் என்று தெரியாத சுவரை வைத்து நான் என்ன எழுதுவது? மற்றபடி இங்கே இருப்பது வெறும் கல்குவியல். நாளைக்குக் காலையில் நான் கிளம்பியாக வேண்டும்."

"தெரியும் சார்" என்றாள். அழவில்லை. சனிக்கிழமை சந்தோசத்தில் அழுதவள், இன்றைக்கு அழவில்லை.

அப்போது கனகா முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கன்னடத்திலேயே, "எது எங்க வேலைன்னு தெரியும் சாமி" என்றாள். "இந்தாளு மஞ்சள் வைக்காம மொதக் கல்லு வைக்க மாட்டாரு. மஞ்சக் கல்லு அடியில இருக்குது. நடுவால மேலிருந்து பிரிச்சுட்டே வந்தா அது வரும். அது வரைக்கும் எங்குளுது, அதுக்குக் கீழ உங்குளுது."

சாஹேபர் அவளைப் பார்த்தார், சுப்பையாவைப் பார்த்தார். "பிரி" என்றார்.

தான் கட்டின சுவரைத் தானே பிரிப்பது எந்தக் கொத்தனாருக்கும் வரக் கூடாத வேலை. சுப்பையா முதலில் மாடத்தில்தான் கை வைத்தார். வளைவுக் கல்லை உருவினதும் மாடம் வாயைப் பிளந்துகொண்டு சரிந்தது. ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்தார். கனகா வாங்கிச் சித்தையனிடம் கொடுக்க, அவன் வரிசையாக அடுக்கினான்.  சுவர் இடுப்புக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது. இரண்டு ஓரமும் பழைய துண்டுகளில் அவர் பிடுங்கி வைத்த இடங்களில் உள்ளே சாந்து இன்னும் காயவில்லை; அதைக் கையால் அழுத்திப் பார்த்துக் காட்ட, சொர்ணலதா சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டுக்கொண்டே வந்தாள்.

கடைசிக் கல் வந்தது. பக்கவாட்டில் மஞ்சள் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது, குங்குமம் கரைந்து வழிந்திருந்தது. சுப்பையா இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். அடியில் அந்தக் கெட்டித் தரை. கல்லிலிருந்த மஞ்சள் அதிலும் அப்பியிருந்தது. மண்ணைத் துடைக்கலாமென்று அவர் கை தானாக நீண்டது.

"அண்ணா, கை எடுங்க!" சொர்ணலதா கத்தினாள்.

அவர் துள்ளிப் பின்னால் வந்தார். அவள் மண்டி போட்டு, தூரிகையால் பெருக்க ஆரம்பித்தாள். சேறு விலக விலக, ஒரு நீளமான கருங்கல் தெரிந்தது. செதுக்கின கல். இரண்டு பக்கமும் நின்ற சுவர்த் துண்டுகளுக்கு நடுவே கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஓரத்தில், கதவு நின்று சுழல்வதற்காகக் குடைந்த ஒரு வட்டக் குழி. கல்லின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, வழவழவென்று பள்ளமாக இருந்தது. கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த பள்ளம்.

"வாசப்படி!" என்றாள் கனகா.

சாஹேபர் முழங்கால் வலியை மறந்து குழிக்குள் இறங்கிவிட்டார். அந்தப் பள்ளத்தை உள்ளங்கையால் தடவினார். பிறகு சுப்பையாவின் பக்கம் திரும்பினார். சத்தமே இல்லாமல் கேட்டார்: "கதவு இருந்த இடத்தையா அடைத்துக் கட்டினாய்?"

"உழுந்த எடம்னு நெனச்சுட்டேனுங்க..."

"அய்யோ மாமா!" என்று கனகா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தச் சாமியார உள்ள வெச்சுப் பூசிப்புட்டீங்களே! பாவம், வெளிய வர வழி?"

முதலில் சிரித்தது சாஹேபர்தான். வயிறு குலுங்கச் சிரித்தார். சித்தையன் சிரித்தான், சொர்ணலதா சிரித்தாள். சிரிக்கும்போதுதான் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சுப்பையா மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சூளைக்கு எதற்கு அம்மா வாசற்படி?" என்றார் சாஹேபர் கடைசியில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "சூளைக்குள் யார் இத்தனை காலம் போய் வந்தார்கள்? இதற்குப் பக்கத்திலேயே அடுத்த வாசல் இருக்கும். தோண்டு. நான் நாளைக்குப் போகவில்லை."

இருந்தது. புதன்கிழமை அடுத்த படி கிடைத்தது, அதே அளவு, அதே தேய்மானம். முற்றத்தைப் பார்த்த வரிசை. சாஹேபர் எழுத வேண்டியதை எழுதினார், புல்டோசர் வரவில்லை. கிளம்பும்போது சுப்பையாவைக் கூப்பிட்டு, இனி இந்த மேட்டில் கரண்டியைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சுப்பையா கூடை சுமந்தார். அது நியாயம்தான் என்று அவருக்கே தோன்றியது.

வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், சொர்ணலதா அவரைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினாள். கனகாவும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். பெரிய தாள். கீழே அழுத்தமான கோட்டில் வாசற்படி, அதன் இரண்டு பக்கமும் முழங்கால் உயரச் சுவர், ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக. அதற்கு மேலே புள்ளி புள்ளியாக ஒரு கோடு எழும்பி, நெஞ்சு உயரம் வரைக்கும் போய், வளைந்து இறங்கியது. புள்ளிக் கோட்டுக்குள் சின்னதாக ஒரு மாடம்.

"இது என்னுங்க அம்முணி? இதத்தான் பிரிச்சாச்சே."

"பிரிச்சதையும் வரையணும் அண்ணா. நடந்ததை மறைக்கக் கூடாது இல்ல?" பென்சில் நுனியால் புள்ளிக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததைத் தொட்டுக் காட்டினாள். "படிங்க."

ராமாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் படித்த கன்னடம். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடிந்தது. "சு... சுப்... சுப்பையா கட்டின சுவர். பிரிக்கப்பட்டது." அதன் கீழே வருசம் போட்டிருந்தது.

மைசூர் பூராவும் அவர் வீடு கட்டியிருக்கிறார். கேட்டுப் பக்கத்தில் கருங்கல் பலகையில் பெயர் பொறித்து வைப்பார்கள், வீட்டுக்காரர் பெயர், அவர் அம்மா பெயர், சில இடத்தில் இன்ஜினியர் பெயர். அந்தப் பலகையைச் சாந்து வைத்துச் சுவரில் பதிப்பது சுப்பையாதான். தன் பெயரை எழுத்தில் எங்கேயும் அவர் பார்த்ததில்லை, ரேஷன் கார்டில் தவிர.

"நின்னதுக்கெல்லாம் பேரு இல்ல, இடிச்சதுக்குத்தானா பேரு?" என்றாள் கனகா. கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் குரல் கம்மிவிட்டது.

சுப்பையாவுக்குத் தாளைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது, ஆனால் தொடவில்லை. வாசற்படிக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.